சதாசிவம் அண்ணன் வளர்த்த தாடி

பெர்மாஸ் ஜெயாவில் நாங்கள் கட்டுகிற அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அடியில் நான்கு தண்ணீர்த் தொட்டிகள். அவற்றுக்குள் இறங்கி, தண்ணீர் கசியாமல் இருக்கச் சுவரில் மருந்து பூசுவதுதான் சதாசிவம் அண்ணனின் வேலை. இரண்டு டின்னில் வருவதைக் கலந்து பூச வேண்டும். அந்த ஆவி மூக்கில் ஏறினால் தலை கிறுகிறுக்கும். பத்தொன்பது வயதில் ரெங்கம் என்ற ஊரிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவருக்கு இப்போது ஐம்பத்து நான்கு. அவர் கை பட்ட மூலையில் ஒரு சொட்டுக்கூடக் கசியாது. அது அவருக்கும் நன்றாகத் தெரியும், தொல்லையே அதுதான்.

நான் வாசுகி, பாதுகாப்பு மேற்பார்வையாளர். யாரும் மூச்சுமுட்டிச் சாகாமல் வீடு போய்ச் சேர்கிறார்களா என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். கோபக்காரி என்று முதுகுக்குப் பின்னால் சொல்கிறார்களாம். சொல்லட்டுமே, என்ன குறைந்துவிட்டது?

இந்த இடத்துக்கு மாற்றலாகி வந்த முதல் வாரமே அண்ணனின் தாடி என் கண்ணை உறுத்தியது. சட்டைக் காலரைத் தொடுகிற தாடி. முகமூடி என்றால் தோலோடு ஒட்டி உட்கார வேண்டும். நடுவில் மயிர் இருந்தால் ஆவிக்குக் கதவைத் திறந்து வைத்த மாதிரிதான். மழிக்கச் சொன்னேன். பார்க்கலாம் என்றார். மறுநாளும் சொன்னேன், மறுநாளும் பார்க்கலாம்.

சரி, சோதனை வைத்துவிடுவோம் என்று எல்லோரையும் கூப்பிட்டேன். முகமூடி போட்டவர் தலைக்கு மேல் ஓர் உறையைக் கவிழ்த்து, அதற்குள் கசப்புத் தண்ணீரைப் பீய்ச்சுவோம். முகமூடி சரியாகப் பொருந்தியிருந்தால் நாக்குக்கு ஒன்றும் தெரியாது. அண்ணனோடு தொட்டியில் இறங்குகிற பையன் ரேமண்டுக்கு வார் தளர்ந்திருந்தது. வேப்பெண்ணெய் குடித்தவன் மாதிரி துள்ளினான். இறுக்கிக் கட்டியதும் சரியாகிவிட்டது. அண்ணனோ பிள்ளையார் சிலை மாதிரி அசையாமல் நின்றார். கண்ணிலிருந்து மட்டும் பொலபொலவென்று தண்ணீர்.

எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “ஒன்னும் தெரியலம்மா. பச்சத் தண்ணி மாதிரி இருக்கு” என்றார்.

அட, பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கிறதென்றால் நாக்கில் பட்டிருக்கிறது என்றுதானே அர்த்தம்! அண்ணன் அங்கிருந்து நேராகக் கடைக்குப் போய், வாய்க் கசப்புத் தீர இரண்டு பொட்டலம் இனிப்புத் தே தாரிக் டீயை ஒரே மூச்சில் உறிஞ்சி முடித்தார். அதோடு பொய்யும் தீர்ந்துபோனது.

நான் கத்திய கத்தலில் கிரேன் ஓட்டுபவரே எட்டிப் பார்த்தார். அப்புறம்தான் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னார். வெறும் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு தொட்டிகளில் இறங்கிய காலத்தில் ஓர் இருமல் பிடித்ததாம். ஒன்பது மாதமாகப் போகவில்லை. இருமல் நிற்கிறவரை முகத்தில் கத்தி படாது என்று முருகனிடம் வேண்டிக்கொண்டு விட்டாராம்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மருந்தினால் இருமல், இருமலுக்காகத் தாடி, தாடி வழியாக மறுபடியும் மருந்து. இந்த மனிதரை வைத்துக்கொண்டு முருகன்தான் என்ன செய்வார், பாவம்.

வேண்டுதலை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கும் பயம்தான். சாமி காரியம் ஆயிற்றே. அதனால் டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனேன். இரண்டு வாரம் அந்தச் சுவர் மருந்துப் பக்கமே போகக்கூடாது, இருமல் என்ன ஆகிறதென்று பார்ப்போம் என்று அவர் எழுதிக் கொடுத்தார். உள்ளே யார் இறங்குகிறார்கள், யார் ஏறுகிறார்கள் என்று ஆவி எட்டாத தூரத்திலிருந்து பார்த்து எழுதுகிற வேலையில் அண்ணனை உட்கார வைத்தேன்.

மூன்று நாள் என்னைக் கண்டாலே நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். முப்பத்தைந்து வருடம் உள்ளே வேலை பார்த்தவனை வாசலில் உட்கார வைத்துவிட்டாள் என்று ஊரெல்லாம் புலம்பல். நாலாம் நாள் பார்த்தால், என்னையே மிஞ்சிவிட்டார். வருகிறவன் தாடையையெல்லாம் தடவிப் பார்க்கிறார். ஒரே ஒரு நாள் மழிக்காத முள்தாடிக்காக ரேமண்டை இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார். ரேமண்ட் கொதித்துப் போய் என்னிடம் வந்து, “அவரு தாடிக்கு மட்டும் பெர்மிட் இருக்கா மேடம்?” என்று கேட்டான்.

அண்ணன் உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொன்னார். “நான் உள்ள போகலடா. நீ போற.”

பதினாலாம் நாள் காலையில் கேட்டில் ஒரே சத்தம். யாரோ புது ஆள், அடையாள அட்டையைக் காட்டு என்று காவலாளி அண்ணனை நிறுத்தி வைத்திருந்தார். முகத்தில் ஒரு மயிர் இல்லை, நெற்றி நிறைய திருநீறு. பக்கத்தில் அவர் மனைவி பேச்சியம்மாள் அக்கா. இருமல் நின்றுவிட்டதென்று வேண்டுதலை முடித்துக்கொண்டு கோயிலிலிருந்து நேராக வந்திருந்தார்கள். சிரித்துக்கொண்டே போனவள் கிட்டத்தில் அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். கன்னம் இரண்டும் ஒட்டிப்போயிருந்தன. இத்தனை நாள் தாடி அதை மறைத்திருந்தது.

இப்போதே சோதனை வையுங்கள் என்று நின்றார். வைத்தேன். இந்த முறை நிஜமாகவே கசக்கவில்லை. அப்படியென்றால் தொட்டிக்குள் இறங்கலாமே என்றார். மருந்தைவிட்டு விலகியதும் இருமல் நின்றால் மருந்துதான் காரணம், முகமூடி இருந்தாலும் இனி உள்ளே போகக்கூடாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன். அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. இருமலை நிறுத்தியவர் முருகன், இதில் மருந்து எங்கே வந்தது என்று கேட்டார்.

பேச்சியம்மாள் அக்கா அவரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்.

“ஒம்பது மாசமா இவரு இருமுற சத்தத்துலதாம்மா நான் கண்ணு முழிப்பேன். முந்தாநாள் விடிஞ்சும் சத்தத்தக் காணோம். ஆளு போயிட்டாருன்னு நெனச்சு மூக்குக்கிட்ட கை வச்சுப் பார்த்தேன். இன்னொரு தடவ அப்படிக் கை வச்சுப் பார்க்க எனக்குத் தெம்பு இல்ல.”

அண்ணன் அக்கா பக்கம் திரும்பினார். “என்கிட்ட நீ சொல்லவே இல்லயே” என்றார். அப்புறம் முகமூடியைக் கழற்றி என் மேசைமேல் வைத்துவிட்டு, இன்றைக்கு யார் யார் உள்ளே இறங்குகிறார்கள் என்று கேட்டார்.