மூன்றாவது நடையில் நின்ற கார்

கார் விற்கப் போன இடத்தில் கஸ்டமரை நடுரோட்டிலிருந்து தூக்கி உட்கார வைத்தவன் எங்கள் லைனில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். சேல்ஸ் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், "டெமோல என்ன சார் கஷ்டம், ஓட்டிக் காட்ட வேண்டியதுதானே?" என்று சாதாரணமாகக் கேட்கிறார்கள். அப்போதெல்லாம் எனக்கு யூசுப் பாய் ஞாபகம்தான் வரும். சந்தோஷமான ஞாபகம் இல்லை. ஆனாலும் இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

1. இடது காலுக்கு வேலையில்லாத வண்டி

ரெண்டாயிரத்துக்குப் பிறகு ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். கரண்ட் கட் வாட்டி எடுத்த காலம். அந்த நேரம் பார்த்து எங்கள் டீலர் எலெக்ட்ரிக் கார் விற்கக் கிளம்பினார். வேடிக்கையான மனுஷன்! வண்டி குட்டி வண்டி. முன்னால் ரெண்டு பேர் உட்காரலாம், பின்னால் சின்னப் பிள்ளைகளை அடைக்கலாம். சீட்டுக்கு அடியில் லெட் ஆசிட் பேட்டரி. வீட்டு பிளக்கிலேயே சார்ஜ் போடலாம். கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது.

விருத்தாசலம் ஏரியாவில் டெமோ காட்டுவது என் பொறுப்பு. போன இடமெல்லாம் கேலிதான். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒருத்தர், "ஏன் சார், பின்னாடி சாவி கொடுத்து வுடணுமா?" என்று கேட்டார். கடையே சிரித்தது. ஏறி உட்கார்ந்து பார்த்தவர்கள் நிறைய, வாங்கியவர் ஒருத்தரும் இல்லை.

மங்கலம்பேட்டையிலிருந்து போன் செய்த யூசுப் பாய் மட்டும் வேறு மாதிரி கேட்டார். விலையைக் கேட்கவில்லை, மைலேஜ் கேட்கவில்லை.

"சார், அதுல இடது காலுக்கு வேலையே இல்லன்னு சொல்றாங்களே, நெசந்தானா?"

மறுநாள் காலையிலேயே வண்டியோடு போய் நின்றேன். நாற்பது வயதுக்காரர். சவுதியில் டிரெய்லர் ஓட்டியவர். அங்கே நடந்த விபத்தில் இடது கணுக்கால் நொறுங்கி, மடங்காமலே போய்விட்டது. ஊருக்குத் திரும்பியதும் அண்ணன் காதர் பாயோடு சேர்ந்து விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு யூனிட் போட்டார். கரண்ட் கம்பத்துக்கு வைக்கிற இன்சுலேட்டர் செய்வார்கள். அண்ணனுக்கு மங்கலம்பேட்டை கடைத்தெருவில் ஜவுளிக்கடை. வீட்டில் எது வாங்குவதென்றாலும் அண்ணன் வார்த்தைதான். யூனிட்டைப் பார்த்துக்கொள்வது தம்பி.

"காலைல யாராச்சும் பைக்குல ஏத்திக்கிட்டுப் போவணும், சாயங்காலம் யாராச்சும் ஏத்திக்கிட்டு வரணும். மூட்டை மாதிரி சார். நெனச்ச நேரத்துக்குக் கெளம்பி ரொம்ப நாளாவுது," என்றார்.

சாவியை வாங்கி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு வலது காலை வைத்து அழுத்தினார். வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது. "யா அல்லா!" என்று ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், என் சர்வீஸில் எந்தக் கஸ்டமரும் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை.

2. "போதும், எடுத்துக்க"

முதல் நடையில் நேராக யூனிட்டுக்குப் போனோம். என்னை உட்கார வைத்துவிட்டு அவர் தன் வேலையைப் பார்த்தார். சூளையிலிருந்து இறக்கிய சரக்கில் கைபோன போக்கில் நாலைந்தை எடுத்தார். ஒவ்வொன்றாக அழுத்தும் மெஷினில் மாட்டி லோடை ஏற்றிக்கொண்டே போனார். நல்ல இன்சுலேட்டர், படார் படாரென்று உடைந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

"ஏன் பாய், தாங்குற அளவுக்கு வந்ததும் நிறுத்திடலாமே?"

"நடுவுல நிறுத்திட்டு பாஸுன்னு சொல்றதுக்கு எதுக்கு சார் டெஸ்ட்டு? இது கம்பத்து மேல ஒடைஞ்சா, கீழ எவன் நிப்பான்னு யாருக்குத் தெரியும்? இங்கயே ஒடையட்டும்."

திரும்பி மங்கலம்பேட்டைக்கு வந்தோம். ஜவுளிக்கடை வாசலில் வண்டியை நிறுத்தினார். காதர் பாய் வெளியே வந்தார். காரைப் பார்க்கவில்லை, தம்பி முகத்தைத்தான் பார்த்தார். அவ்வளவு பெரிய மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"போதும்டா, எடுத்துக்க. சார், பெருநாளைக்குள்ள வண்டி வந்துடுங்களா?"

"வந்துடும் பாய்," என்றேன். எனக்கு அப்படியே பறப்பது மாதிரி இருந்தது.

யூசுப் பாய் சாவியைக் கொடுக்கவில்லை. "இன்னும் டெஸ்ட்டு முடியலண்ணே. நிக்கிற வரைக்கும் ஓட்டிப் பாத்துடறேன்," என்றார்.

"அதெல்லாம் எதுக்குடா? சார்தான் சொல்றாரே."

"சார் சொல்றாரு. வண்டி சொல்லட்டும்ண்ணே."

3. வண்டி சொன்னது

ரெண்டாவது நடையும் பழுதில்லாமல் போய்த் திரும்பியது. மூன்றாவது நடைக்கு அவர் வண்டியைத் திருப்பியபோது சார்ஜ் முள் அடிக்கு வந்துவிட்டது. பேட்டரியை அப்படி ஒட்டக் கறப்பது நல்லதில்லை என்று சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு, எதிரே வந்த பஸ்ஸுக்கெல்லாம் லைட் போட்டு வழி கேட்டார். மனுஷன் சவுதியில் டிரெய்லர் ஓட்டுவதாகவே நினைத்துக்கொண்டார்போல.

பாதி வழியில் ஒரு வளைவில் வண்டி மூச்சை விட்டது. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே நின்றான். நான் குதித்துத் தள்ளப் போனேன்.

"ஸ்டியரிங்கைப் பாத்துக்குங்க பாய், எறங்காதீங்க!" என்று கத்தினேன்.

கேட்பாரா? நானும் தள்ளுகிறேன் என்று இறங்கினார். இடது கால் ஊன்றவில்லை. தார் ரோட்டில் குப்புற விழுந்தார். பஸ்ஸிலிருந்து எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நான் தூக்கி உட்கார வைத்தபோது உள்ளங்கை தோல் உரிந்து ரத்தம் வந்தது. சட்டையெல்லாம் மண்.

பெண்ணாடம் மில்லில் கரும்பு இறக்கிவிட்டுக் காலியாக வந்த டிராக்டர்தான் உதவியது. காரைத் திருப்பிக் கயிறு கட்டினார்கள். மங்கலம்பேட்டைக் கடைத்தெரு வழியாக டிராக்டர் எங்களை இழுத்துக்கொண்டு போனது. யூசுப் பாய் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

காதர் பாய் ஓடிவந்து தம்பியின் கையைப் பிரித்துப் பார்த்தார். "என்னடா இது?"

"ஒண்ணுமில்லண்ணே. மூணாவது நடைலதான் நின்னுச்சு. எனக்குத் தெனம் ஒரு நடைதானே? ரெண்டு நடை நல்லாத் தாங்குதுண்ணே. வண்டி பாஸுதான்."

"ஆமாங்க பாய். ராத்திரி சார்ஜ் போட்டுட்டா..." என்று நானும் சொன்னேன்.

"ராத்திரி கரண்டு இருக்குதா சார் இந்த ஊருல? ஒருநா பாதி சார்ஜோட கெளம்பிடுவான். இன்னிக்கு நீங்க கூட இருந்தீங்க, தூக்கி வுட்டீங்க. தனியா போறப்ப நின்னா?" என்று கேட்டுவிட்டுத் தம்பி பக்கம் திரும்பினார். "சொல்லுடா, எறங்கித் தள்ள முடியுமா உன்னால?"

யூசுப் பாய் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. நான் குனிந்து காரில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தேன்.

"ஆட்டோ ஒண்ணு மாசத்துக்குப் பேசி வுடறேன். வாசல்லயே வந்து நிக்கும். காரு வேணாம் சார், தப்பா நெனைக்காதீங்க," என்றார் காதர் பாய்.

அவரை நான் எப்படித் தப்பாக நினைப்பது? ரத்தத்தைப் பார்த்த அண்ணன் வேறு என்ன சொல்வார்? ஆனால் அந்த வண்டி தோற்கவில்லை. அவருக்கு வேண்டியதைப்போல ரெண்டு மடங்கு ஓடியது. ஓடியதை யாரும் பார்க்கவில்லை, கயிறு கட்டி இழுத்து வந்ததைக் கடைத்தெருவே பார்த்தது.

இதில் நான் கற்றுக்கொண்டதை இப்போது வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கஸ்டமர் வீட்டில் முடிவெடுப்பவர் 'சரி' என்று சொன்ன நிமிஷமே டெமோவை முடித்துவிடுங்கள். அதற்கு மேல் ஓடுகிற ஒவ்வொரு கிலோமீட்டரும் உங்களுக்கு எதிராகத்தான் ஓடும். இந்தப் பாடத்தால் பிற்பாடு எத்தனையோ வண்டி விற்றிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு, 'இறங்குங்க பாய்' என்று சொல்ல எவனுக்கு மனசு வரும்?

சில மாதம் கழித்துத் தொழிற்பேட்டை வாசலில் அவரைப் பார்த்தேன். "ஏறுங்க சார், பஸ் ஸ்டாண்டுல வுட்டுடறேன்," என்று தன் மாச ஆட்டோவில் என்னையும் ஏற்றிக்கொண்டார். சூளை, மழை, கரண்ட் கட் என்று ஏதேதோ பேசினோம். கார் பேச்சை ரெண்டு பேரும் எடுக்கவில்லை. ரயில்வே கேட் பக்கம் ஒரு மாடு குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக் பிடிப்பதற்கு முன்னாலேயே, பின் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் வலது கால் ஆட்டோவின் தரையை அழுத்தியது. நான் பார்ப்பது தெரிந்ததும் காலை இழுத்துக்கொண்டார்.