நாலு சிலிண்டருக்கும் ஒரே தகடு

காரில் எத்தனையோ பாகங்கள் உண்டு. அதில் யார் கண்ணிலும் படாத ஒரு பாகத்தை விற்றுப் பிழைக்கிறவன் நான். இன்ஜினின் உடம்புக்கும் அதன் மேல்மூடிக்கும் நடுவில் படுத்துக் கிடக்கிற செம்புத் தகடு. ஹெட் கேஸ்கட் என்பார்கள். உள்ளே எரிகிற நெருப்பும், ஓடுகிற தண்ணீரும், எண்ணெயும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் காவல் இருப்பது அதுதான். பேட்டையில் என் கடை. வெட்டுவது, துளை போடுவது, பதப்படுத்துவது எல்லாம் என் கூட்டாளி சுடலைமுத்து. வாடிக்கையாளரிடம் பேசுவது நான். இரண்டில் எது கஷ்டமான வேலை என்று கடை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தகட்டின் கனம்தான் முக்கியம். கனம் கூடினால் இன்ஜினின் அழுத்தம் குறையும், இழுவையும் குறையும். மெலிந்தால் இழுவை கூடும், கூடவே சூடும் கூடும். வாங்க வருகிறவர்களிடம் இதைத்தான் தினமும் சொல்லுகிறேன். அவர்களும் தினமும் தலையை ஆட்டிவிட்டு வேறு ஏதோ செய்கிறார்கள்.

பாகப்பிரிவினை

சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்தார்கள். வயலும் வீடும் பிரிந்துவிட்டன. அப்பா விட்டுப்போன பழைய காரை மட்டும் பிரிக்க வழியில்லாமல், ஒரு வாரம் அண்ணன், மறுவாரம் தம்பி என்று ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணனுக்குக் கனமான தகடு வேண்டும். “சூடாவாம பைய போனாப் போதும் அண்ணாச்சி.” தம்பிக்கு மெல்லிசு வேண்டும். “இவன் ஓட்டுத லட்சணத்துக்கு டிராக்டர் நம்மள முந்திட்டுப் போவுது. மெல்லிசாக் குடுங்க.”

பேச்சு தகட்டை விட்டு, அப்பாவை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டது யார் என்பதில் போய் நின்றது. சுடலைமுத்து சரியாகக் கேட்க வேண்டும் என்பதற்காக மெஷினையே நிறுத்திவிட்டான். நான் நடுத்தரக் கனத்தில் ஒன்றை எடுத்து மேசையில் போட்டு, “இது ரெண்டு பேருக்கும் பிடிக்காது. அதனால இதுதான் சரி” என்றேன். கடைசியில் அதைத்தான் வாங்கிப் போனார்கள். ஆனால் அதற்கு முன்னால் அண்ணன் வெகுநேரம் யோசித்து ஒரு சமாதானத் திட்டம் சொன்னார். “நாலு சிலிண்டர் இருக்குல்லா? முன்னால ரெண்டு எனக்கு, பின்னால ரெண்டு அவனுக்கு. அவன் பங்குல அவன் இஷ்டத்துக்குப் போட்டுக்கிடட்டும்.”

சுத்தச் செம்பு

ராதாபுரத்துக்காரர் ஒருவர் பஸ்ஸில் ஒரு சாக்குமூட்டையோடு வந்து இறங்கினார். உள்ளே பெரிய செம்பு அண்டா. அடிப்பக்கத்தை வெட்டித் தன் காருக்கு கேஸ்கட் செய்து தர வேண்டுமாம். “கடைத் தகடு எல்லாம் கலப்படம் வே. இது சுத்தச் செம்பு. சத்தத்தக் கேளும்” என்று விரலை மடக்கித் தட்டினார். தெரு முழுக்க ரீங்காரம் கேட்டது. அடித்து வளைத்த பாத்திரம், கனம் ஒரே சீராக இருக்காது, இன்ஜினில் போட்டால் ஒரு மைல் தாண்டாது என்று நானும் சொல்லிப் பார்த்தேன். அவர் மறுபடியும் தட்டினார்.

சுடலைமுத்து விளையாட்டுக்கு அளவு அட்டையை அண்டாவின் அடியில் வைத்துப் பார்த்தான். சரியாகப் பொருந்தியது. அவர் முகம் மலர்ந்த அந்த நேரத்தில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அவருடைய வீட்டுக்காரி. அடுத்த பஸ்ஸிலேயே பின்னால் வந்திருக்கிறார். புருஷனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்தார். “அண்ணாச்சி, இது எங்க அம்மா சீதனமாக் குடுத்தது. வெட்டியே தீரணும்னா இந்தா இவரு நிக்காரு, இவர வெட்டிக்கிடுங்க. அண்டாவத் தாங்க.”

பால் கொஞ்சம் தூக்கல்

தகடு போய்விட்டால் தண்ணீரும் எண்ணெயும் கலந்து டீ நிறத்துக்கு வந்துவிடும். டாக்டரிடம் போகிற மாதிரி சிலர் அதை எடுத்துக்கொண்டு வந்து காட்டுவார்கள். அப்படி வந்த ஒரு வேன் டிரைவர், பாட்டில் கிடைக்காததால் எதிர்த்த டீக்கடையில் ஒரு கிளாஸ் வாங்கி, அதில் ஊற்றிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். எங்கள் டீ வருகிற நேரமும் அதுதான்.

நானும் டிரைவரும் வாசலில் வண்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே சுடலைமுத்து கண்ணாடியை நெற்றியில் தூக்கிவிட்டு, கிளாஸை எடுத்து ஒரு வாய் வைத்துவிட்டான். நாங்கள் போட்ட கூச்சலில் துப்பினான். அரை மணி நேரம் வாய் கொப்பளித்தான். பதறிப்போன டிரைவர் தன் காசில் நல்ல டீ வாங்கிவந்து கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு சுடலைமுத்து சொன்னது: “அதுக்கு இது பரவால்ல.”

புளியும் உப்பும்

மேலப்பாளையத்தைச் சேர்ந்த காதர் சவூதியிலிருந்து லீவில் வந்திருந்தார். தங்கைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வருகிற காரில் எல்லாமே புதுசாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம். பளபளவென்று இருந்த தகட்டைப் பார்த்ததும் பூரித்துப்போனார். அதை அப்படியே போட முடியாது. சிவக்கச் சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் போட்டால்தான் செம்பு இளகி, மேடுபள்ளம் பார்த்துப் படியும். சுடலைமுத்து அதைச் செய்து முடித்தபோது தகடு கருத்துப்போயிருந்தது. “அல்லாவே! நகையக் கொண்டுபோயி அடுப்புல போட்ட மாதிரிப் போட்டுட்டியளே” என்று காதர் கலங்கிவிட்டார். எவ்வளவு சொல்லியும் கேட்காமல் அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் தகடு கண் கூசுகிற மாதிரி திரும்பி வந்தது. அவருடைய உம்மா புளியும் உப்பும் போட்டுத் தேய்த்திருக்கிறார். இளகின செம்பு அந்தத் தேய்ப்பைத் தாங்குமா? நடுவில் வளைந்து மடிந்திருந்தது. சுடலைமுத்து அதைத் தட்டி நிமிர்த்தி, மறுபடியும் சூடாக்கினான். மறுபடியும் கருத்தது. அன்றைக்கே வண்டியில் ஏற்றி மூடியையும் முறுக்கிவிட்டோம்.

கல்யாணத்தன்று வண்டி ஒரு முனகல் இல்லாமல் மாப்பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்தது. விருந்துக்கு நாங்கள் இரண்டு பேரும் போயிருந்தோம். காதரின் உம்மா எங்களைத் தேடி வந்தார். சுடலைமுத்து பிரியாணித் தட்டோடு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்த முகமாகக் கேட்டார்: “வாங்க, வயிறாரச் சாப்பிட்டியளா? நான் தேச்சுக் குடுத்தத கருக்குன மனுசன் எங்க இருக்காரு?”

ஆறுமுகம் அண்ணாச்சி

இது சிரிக்கிற விஷயமா என்று எனக்கே தெரியவில்லை. எங்கள் கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஆறுமுகம் அண்ணாச்சி இருந்தார். லாரி ஓட்டி ஓய்ந்தவர். வீட்டு வாசலில் ஓடாத கார் ஒன்று வைத்திருந்தார். அதற்குத் தகடு பார்க்க அடிக்கடி வருவார். இருக்கிற கனம் அத்தனையும் எடுத்துப்போடச் சொல்லி, கையில் வைத்து எடை பார்த்து, செம்பு ஆகாது என்று எனக்கு ஒரு பிரசங்கம் செய்து, எங்கள் டீயையும் குடித்துவிட்டுப் போவார். ஒரு தடவைகூட வாங்கியதில்லை. அவர் தலை தெரிந்தாலே சுடலைமுத்துவுக்கு அவசர வேலை வந்துவிடும்.

அவர் இறந்துபோனார். ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்கு அவரைக் கொண்டுபோன அமரர் ஊர்தி, நம்ப மாட்டீர்கள், எங்கள் கடைக்கு நேர் எதிரே ஆவி கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. மேளம் நின்றது. சுடலைமுத்து ஓடிப்போய் ரேடியேட்டரைப் பார்த்தான். தண்ணீரில் குமிழி குமிழியாக வந்துகொண்டிருந்தது. ஹெட் கேஸ்கட் போயிருந்தது. “சட்டுனு ஒண்ணு மாத்திவிடுங்க” என்றார் ஒரு சொந்தக்காரர். மூடியைக் கழற்றி மாட்ட அரை நாள் ஆகும். அதுவரை அவரை உச்சி வெயிலிலா வைத்திருப்பது? எங்கள் லோடு ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினோம். அதில் அன்று வந்து இன்னும் இறக்காத செம்புத் தகட்டுக் கட்டு ஒன்று கிடந்தது. இறக்க நேரமில்லை. ஓரமாகத் தள்ளி, துணி விரித்து அவரைப் படுக்க வைத்தோம்.

சுடலைமுத்துதான் ஓட்டினான். குலுங்காமல், பைய ஓட்டினான். நான் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எத்தனை நாள் இந்த மனுஷர் வரக் கூடாது என்று நினைத்திருக்கிறேன்! பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய மகன் என் தோளைத் தொட்டான். அழுதழுது சிவந்த கண்ணோடு பின்னால் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “விடுங்க அண்ணாச்சி. உசுரோட இருக்கையில ஒத்தத் தகடு எடுக்கல. இப்பப் பாருங்க, கட்டோட எடுத்துட்டுப் போறாரு.”

மற்றபடி, ஊரில் பழைய கார்கள் சூடாகிற வரைக்கும், அதை ஓட்டி வருகிறவர்கள் அதைவிடச் சூடாக இருக்கிற வரைக்கும், எங்கள் தொழிலுக்கு ஒரு குறைவும் வராது.