சுவரில் ஏறிய கிடா

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தை மூடப் போகிறார்கள் என்று கேட்டபோது எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். ஆடு மாடு மேய்த்த மற்ற பிள்ளைகளுக்கும் அப்படித்தான். பள்ளிக்கு ஒரே வாத்தியார். அவரும் என் மாமா, அம்மாவின் தம்பி. பிள்ளைகளே வராத பள்ளிக்கு வாத்தியார் எதற்கு என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார் இன்ஸ்பெக்டர். அடுத்த முறையும் காலியாக இருந்தால் பூட்டுதான்.

மாமா பிரம்பை எடுக்கவில்லை. அடுப்புக்கரியையும் செங்கல் தூளையும் சுண்ணாம்பையும் கொட்டாங்குச்சிகளில் குழைத்துக்கொண்டு மேய்ச்சல் காட்டுக்கே வந்துவிட்டார்.

"பள்ளிக்கூடத்துச் செவுரு சும்மா கெடக்குது. உங்க ஆடு மாட்ட அதுல வரைங்க சாமி. ஆனா கீழ பேர நீங்களேதான் எழுதோணும்" என்றார்.

மறுநாளே ஆடுகளைப் பள்ளிக்குப் பக்கத்துத் தரிசில் விட்டுவிட்டுப் போனேன். எங்கள் மேச்சேரிக் கிடாயின் நிறத்துக்குச் செங்கல் தூள் அப்படியே பொருந்தியது. நாலு காலும் ஒழுங்காக வர மூன்று நாள்; கீழே 'கிடா' என்று எழுத ஐந்து நாள். அதற்குள் எருமை, சேவல், காளை என்று சுவர் நிறைந்துவிட்டது. அவரவர் விலங்கின் பெயரை மற்றவர் சரியாகப் படிக்கிறார்களா என்று காவல் வேறு காத்தோம். அப்பா மட்டும், "செவுத்துல மேயற கிடா கறிக்கு ஆகுமா?" என்று சலித்துக்கொண்டார்.

மறுபடி வந்த இன்ஸ்பெக்டருக்கு வகுப்பில் கால் வைக்க இடமில்லை. சுவரில் இருந்த பெயர்களையெல்லாம் கூரை அதிரப் படித்தோம்.

"எல்லாம் மனப்பாடம்" என்று சிரித்த அவர், சுவரில் எங்குமே இல்லாத ஒரு சொல்லைக் கரும்பலகையில் எழுதி என்னை எழுப்பினார். நான் சுவரைப் பார்த்தேன். முதல் எழுத்து என் கிடாயினுடையது. அடுத்தது காளையின் கடைசி எழுத்து.

"கிளை... கிளைங்க!" என்று கத்தினேன்.

இன்ஸ்பெக்டர் உரக்க, "சபாஷ்" என்றார். பள்ளிக்கூடம் பிழைத்தது. நாங்கள் போட்ட கூச்சலில் தரிசில் நின்ற ஆடுகள் மிரண்டு ஓடின. அன்றைக்கு அவற்றைத் துரத்திப் பிடித்ததுகூட விளையாட்டாகத்தான் இருந்தது.

சாயங்காலம் அப்பா வந்து சுவருக்கு முன்னால் நின்றார். என் கிடாயின் கீழே விரலை வைத்து, "இது என்ன எழுத்து சாமி?" என்றார். சொன்னேன். அடுத்த எழுத்துக்கு விரல் நகர்ந்தது. மறுநாளும் வந்து எருமையில் விரலை வைத்தார். "இன்னொருக்கா சொல்லு." இவரும் இன்ஸ்பெக்டரைப் போல என்னை மடக்கப் பார்க்கிறார் என்று நினைத்து, தோற்றுவிடக் கூடாதென்று நான் தினமும் உரக்கப் படித்துக் காட்டினேன். அப்பாவும்தான் படித்துக்கொண்டிருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.