நீல நூல் போட்ட செருப்பு

என் நாத்தனாரின் இடது செருப்பில் கட்டைவிரல் வளையம் அறுந்துபோய், நீல நூலால் தைத்திருக்கும். பழுப்புத் தோல் செருப்பு. அந்த நாளில் மாம்பலத்தில் பாதிப் பெண்கள் அதே மாதிரிதான் போட்டிருந்தார்கள். அந்தத் தையல் கடையில் கொடுத்துப் போட்டதல்ல. புகுந்த வீட்டில் இருந்தபோது கோணி ஊசியை வைத்து அவளே போட்டுக்கொண்டது. முன்பின் தெரியாதவர்களிடம் தொழில் விஷயமாகப் பேச்சை எப்படித் தொடங்குவது என்று யாராவது மைக்கைப் பிடித்து விளக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் செருப்புதான் ஞாபகம் வரும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஆடி மாதம். கல்யாணமாகி ஏழு மாதத்தில், ஆடிக்கு அழைத்துவந்த பெண்ணாக மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மூன்றாம் நாள், அவரைக்காய் நறுக்கிக்கொண்டே, "நான் திரும்பிப் போகல அண்ணி" என்றாள். அடித்தார்களா என்று பதறிப்போய்க் கேட்டேன். "அதெல்லாம் இல்ல. அங்க யாரும் என்கிட்ட பேசறதே இல்ல. எடு, வை, மூடு, அவ்வளவுதான். நான் ஏதாவது கேட்டா மாமியார் சுவரைப் பாக்கறாங்க." இதைக் கேட்டு என் கணவர் கூடத்துக்கும் வாசலுக்கும் நடையாய் நடந்தார். கடைசியில், "ஆடி முடிஞ்சு அவங்க வந்து நின்னா நான் என்னன்னு சொல்றது? சும்மா உக்காந்திருக்கான்னா? தொழில்னு ஒண்ணு கையில இருந்தா நான் பேசிக்கறேன்" என்றார். தங்கைமேல் உயிர்தான் அவருக்கு; நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயமும் அதே அளவு இருந்தது. ஆக, ஒரு மாதத்துக்குள் ஒரு தொழில் வேண்டும். இல்லையென்றால் அவள் அந்தச் சுவருக்கே திரும்ப வேண்டும்.

அவளுக்குத் தையல் தெரியும். நான் பி.காம். படித்தவள், அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. அப்போது ஆபீஸ்களில் கம்ப்யூட்டர் புதிதாக நுழைந்துகொண்டிருந்தது. அதற்கென்று ஏசி போட்ட தனி அறை. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். சாயங்காலம் வேலை முடிந்ததும் ஒவ்வொன்றுக்கும் துணி உறை போட்டு மூடுவார்கள். அந்த உறையைத் தைத்துக் கொடுப்பது என்று முடிவு செய்தோம். பேச்சு என் பொறுப்பு. கண்ணாடி முன் நின்று இங்கிலீஷில் ஒரு முன்னுரை தயார் செய்தேன். நாத்தனாருக்கு ஒரே கட்டளைதான்: "நீ வாயைத் திறக்காதே. பையைப் பிடிச்சிக்கிட்டு நில்லு."

ஏனென்றால் அவள் பார்க்கிறவர்களையெல்லாம் ஏதாவது கேட்பாள். ஏழு மாதம் அடைத்து வைத்திருந்த கேள்விகளோ என்னவோ! மின்சார ரயிலில் பூக்காரம்மாவிடம், கையால் முழம் போட்டு விற்கும்போது கை நீளமானவர்கள் நஷ்டப்படுவார்களா என்று கேட்டாள். எனக்கு மானம் போயிற்று. ஆனால் அந்தம்மா கிண்டி வரைக்கும் அவளோடு பேசிக்கொண்டே வந்தாள்.

தி. நகரில் இரண்டு ஆபீஸ், அடையாறில் ஒன்று. மூன்றிலும் என் முன்னுரையின் இரண்டாவது வரிக்குள் எதிரில் இருந்தவரின் பார்வை கடிகாரத்துக்குப் போய்விட்டது. "சாம்பிளை வெச்சிட்டுப் போங்க, சொல்லி அனுப்பறோம்." ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. ஆடியில் பாதி போய்விட்டது.

நான்காவது, தேனாம்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையம். நாற்பது கம்ப்யூட்டர். மேனேஜர் மயிலாப்பூர் மாமி ஒருவர், ஐம்பது வயதிருக்கும், சிரிக்காத முகம். நான் ஒப்பித்தேன். அவர் ஃபைலைப் புரட்டிக்கொண்டே கேட்டார், அல்லது கேட்கவில்லை. திடீரென்று என் பின்னாலிருந்து குரல்: "மேடம், கம்ப்யூட்டருக்கு செருப்புன்னா ஆகாதா?"

நான் அவள் இடுப்பில் கிள்ளினேன். மேனேஜர் நிமிர்ந்து, "தூசி" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி ஃபைலில் மூழ்கினார். அப்புறம் வழக்கமான பாட்டுதான், சொல்லி அனுப்புகிறோம். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவளைத் திட்டித் தீர்த்தேன். அவள் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியவள், "ஐயையோ அண்ணி, செருப்பு மாறிடுச்சு!" என்றாள். நீல நூல் இல்லை. அதே பழுப்பு, அதே அளவு, ஆனால் முழுசான வளையம். "உனக்குக் கண்ணு எங்கம்மா இருந்துச்சு?" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை, என் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, மாறிவந்த ஜோடியை மஞ்சள் பையில் எடுத்துக்கொண்டு என்னோடு பயிற்சி நிலையத்துக்கு வந்தாள். எங்களைக் கண்டதும் வாட்ச்மேன் தெருவுக்கே கேட்கிற மாதிரி, "வாம்மா! மேடம் செருப்பு உன் பையிலயா கீது? அது உன்னுதப் போட்டுக்கினுதான் நேத்து வூட்டுக்குப் போச்சு!" என்றார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

மேனேஜர் தானே வாசலுக்கு வந்தார். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு வந்தார்! "கோவில் வாசல்லதான் நேக்கு செருப்பு போகும். ஆபீஸ்ல இதான் முதல் தடவை. ஆத்துல போய்ப் பார்த்தா நீல நூல். யார் தைச்சா இதை? இழுத்து இழுத்துப் பார்த்தேன், அசையலையே?" என்றார். நாத்தனார் கையைத் தூக்கினாள். "நேத்திக்கு ஒண்ணு கேட்டியே, கம்ப்யூட்டருக்கு செருப்பு ஆகாதான்னு. எட்டு வருஷமா இங்க இருக்கேன், என்னை யாரும் அதைக் கேட்டதில்லை. உள்ள வா, காட்டறேன்."

ஒரு மணி நேரம்! பழுதான ஒரு கம்ப்யூட்டரைத் திறந்துவைத்து, உள்ளே பஞ்சு மாதிரிப் படிந்திருந்த தூசியைக் காட்டினார். நாத்தனார் கேட்டுக்கொண்டே இருந்தாள். சூடு எங்கே வெளியே போகும்? அப்படியானால் உறையில் அங்கே துணி எப்படி இருக்கணும்? இவளிடம் அவர் தன் வேலையைச் சொல்லச் சொல்ல, அந்த முகத்தில் பத்து வயது குறைந்தது. காபி வந்தது. இங்கிலீஷ் முன்னுரையோடு நான் மூலையில் உட்கார்ந்து இதென்ன மாயம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது நாற்பது உறைக்கு ஆர்டர் கையில் இருந்தது.

ஆடி முடிந்ததும் சம்பந்தி வீட்டார் தட்டில் பழத்தோடு வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். என் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அவளுக்கு ஆர்டர் இருக்குங்க, இப்ப அனுப்ப முடியாது" என்று ஆரம்பித்தார். உள்ளே மிஷின் சத்தம் நின்றது. கழுத்தில் இஞ்ச் டேப்போடு நாத்தனார் வந்து நின்றாள். "இப்ப மட்டும் இல்ல. நான் வரல" என்றாள். அன்றைக்குத்தான் அவளுடைய மாமியார் சுவரை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்.

இன்றைக்கு என் மகன் மடிக்கணினியை மெத்தையில் போட்டுக்கொண்டு முறுக்கைக் கடித்தபடி வேலை பார்க்கிறான். நாத்தனார் ஆதம்பாக்கத்தில் சொந்தமாக எட்டு மிஷின் போட்டிருக்கிறாள். போன மாதம் ஒரு புதிய கம்பெனிக்குப் போயிருந்தோம். வாசலில் பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றினாள். எதிரில் இருந்த இளைஞன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "பரவால்ல மேடம், போட்டுக்கிட்டே வாங்க" என்றான். "இப்பல்லாம் கம்ப்யூட்டருக்கு செருப்பு ஆகுமாப்பா?" என்று கேட்டாள். அவன் நிமிர்ந்தான். நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

வெளியே வந்ததும் முதலில் அவள் காலைத்தான் பார்த்தேன். அவளுடைய செருப்புதான். இத்தனை வருஷமாகக் கேட்டுச் சலித்த கேள்வியை மறுபடி கேட்டேன்: அன்றைக்குத் தேனாம்பேட்டையில் தெரிந்தேதான் மாற்றிப் போட்டுக்கொண்டாயா? எப்போதும் சிரித்து மழுப்புகிறவள் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"அந்த வீட்ல ஏழு மாசம், என்னைக்கு இதைப் போட்டுக்கிட்டுக் கிளம்பப் போறோம்னு வாசல்ல கெடந்த அந்தச் செருப்பைத்தான் தினம் பாத்துக்கிட்டிருந்தேன். என் செருப்பு எனக்குத் தெரியாதா அண்ணி?"