பஸ்ஸை முன்னால் நிறுத்துங்கள்

1. வெளிச் சாப்பாடு

டூர் மேனேஜராக நான் சேர்ந்த புதிதில் வந்த முதல் சோதனை இது. டெல்லித் தமிழ்க் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு அங்குள்ள துவாரகா பகுதியிலிருந்து கிளம்பிய எங்கள் பஸ், பிகானேர் தாண்டி ஜெய்சல்மேர் போகும் பைபாஸில், ஒரு பெரிய ஃபுட் கோர்ட்டில் லன்ச் ஹால்ட் போட்டது. எங்கள் குரூப் எங்கே போனாலும் சமையல்காரரும் புளியோதரை அண்டாவும் கூடவே வரும். பாலைவனமே ஆனாலும் நம்மவர்களுக்கு நம் சாப்பாடுதான். அண்டாவைப் பார்த்ததும் செக்யூரிட்டி வாசலிலேயே மறித்துவிட்டார். வெளிச் சாப்பாடு கூடாதாம்.

"மேடம், பழைய ரோட்ல ஒரு தாபா உண்டு. இன்னும் இருக்கான்னு பாப்போம்," என்றார் டிரைவர் முருகேசன்.

இருந்தது, பேருக்கு. ஒட்டக வியாபாரிகள் காலத்துப் பாதை அது. பைபாஸ் வந்ததும் வண்டிகள் அதை மறந்துவிட்டன. போர்டு வெளுத்து, கயிற்றுக் கட்டில்களில் மணல் படிந்திருந்தது. தாபாக்காரர் பன்வாரி மணலைத் தட்டிவிட்டு எங்களை உட்காரவைத்தார். தண்ணீரும் கொடுத்தார். எங்கள் சாப்பாட்டை அங்கே சாப்பிட எவ்வளவு தர வேண்டும் என்று கேட்டேன்.

"ஒண்ணும் வேண்டாம் பஹன்ஜி," என்றார் இந்தியில். "பஸ்ஸைப் பின்னாடி மரத்து நிழல்ல போடாதீங்க. முன்னாடி, ரோட்டோரமா நிறுத்துங்க. காலியா கிடக்கற தாபாவுல எவனும் வண்டிய நிறுத்த மாட்டான். தீபாவளிக்குள்ள வியாபாரம் வரலன்னா மூடிட்டு சூரத்ல இருக்கற மகன்கிட்ட போயிடலாம்னு வீட்ல சொல்லிட்டா."

எங்கள் குரூப்பில் இருந்த சரோஜினி நகர் மாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "நன்னா இருக்கே! நிழல் இருக்கறச்சே பஸ்ஸை வெயில்ல காயப் போடுவாளா?"

"அவர் கட்டில்ல உக்காந்து நம்ம புளியோதரையச் சாப்பிடறோமே மாமி. கொஞ்சம் வேர்க்கட்டும்," என்றேன். முருகேசன் பஸ்ஸை முன்னால் கொண்டுவந்தார்.

நாங்கள் மோர் சாதத்துக்கு வருவதற்குள் ஒரு லாரி நின்றது. இரண்டு பேர் இறங்கி ரொட்டி கேட்டார்கள். பன்வாரி அடுப்பை மூட்ட ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே!

2. நிழல்

அதன்பின் அந்தப் பக்கம் போன ஒவ்வொரு டிரிப்பிலும் அங்கேதான் ஹால்ட், முன்னால்தான் பார்க்கிங். பஸ் ஏறும்போதெல்லாம் எல்லோரும் என்னைத் திட்டுவார்கள். வாங்கிக்கொள்வேன்.

தீபாவளி கழிந்து அங்கே போனபோது எனக்குப் பயமாகவே இருந்தது. போர்டு இருக்குமா? வளைவு திரும்பியதும் தாபாவின் முன்னால் லாரிகள் வரிசையாக நின்றன. பன்வாரி துண்டை வீசிக்கொண்டு ஓடி வந்தார்.

"முன்னாடி இடமில்ல பஹன்ஜி! பின்னாடி போங்க!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். வண்டியை எங்கே நிறுத்துவது என்பது நம் கையில் இருக்கிறது. அதனால் ஒருவர் பிழைப்பார் என்றால் வெயிலைப் பார்க்காதீர்கள்.

அன்று எங்கள் பஸ் நிழலில் நின்றது.