நாலு சீட்டும் ஒரு சிவப்புக் கோடும்

ஜீவராணி டீச்சர் கார் வாங்கியது பவிசுக்காக அல்ல, ஒரு சிவப்புக் கோட்டுக்குப் பயந்துதான். இதை அவள் தோட்டத்தில் எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டாள். ஒருவரும் நம்பவில்லை.

அவள் கணக்குப் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் காலையில் கையெழுத்துப் போடும் வரவுப் பதிவேடு ஒன்று உண்டு. சரியாக ஏழரைக்கு அதிபர் யோகேஸ்வரன் சிவப்புப் பேனாவை எடுத்து, கடைசிக் கையெழுத்துக்குக் கீழே அடிமட்டம் வைத்து ஒரு கோடு இழுப்பார். அதற்குப் பிறகு வருகிறவர்கள் கோட்டுக்குக் கீழேதான் கையெழுத்துப் போட வேண்டும். பஸ் வரவில்லை, மண் சரிந்துவிட்டது, பிள்ளைக்குக் காய்ச்சல், எதுவும் எடுபடாது. மனிதர் கெட்டவர் இல்லை. சிரித்துக்கொண்டேதான் கோடு இழுப்பார். அந்தச் சிரிப்பைத்தான் ஜீவராணியால் தாங்க முடியவில்லை.

அவள் வீடு தலவாக்கலைக்கு மேலே பெரியமலைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில். கணவன் கஜேந்திரனுக்குக் கொழும்பில் இரும்புக் கடையில் வேலை, மாதம் ஒரு முறை வருவான். வீட்டில் அவளும் மாமியார் சண்முகவடிவும்தான். காலையில் தோட்டத்து ரோட்டில் இறங்கி, மெயின் ரோடு வந்து சேரும் பெக்டரி வளைவில் நின்று பஸ் பிடித்து, தலவாக்கலை டவுனைத் தாண்டி நுவரெலியாப் பக்கம் போக வேண்டும். பதினொரு வருடம் அந்த வளைவில் நின்றாள். பஸ் வந்தால் நிறைந்து வரும், இல்லாவிட்டால் வராது. அப்படிப்பட்ட நாட்களில் போகிற கார்களுக்குக் கையைக் காட்டுவாள். ஒருவனாவது நிறுத்த வேண்டுமே. எல்லோரும் கழுத்தில் சுளுக்கு விழுந்ததுபோல நேரே பார்த்துக்கொண்டு போவார்கள். பின் சீட் காலியாகப் போவதை நனைந்துகொண்டே பார்த்து, அவர்களுடைய பரம்பரையையே திட்டித் தீர்ப்பாள்.

கடைசியில் ஹட்டனுக்குப் போய் லைசென்ஸ் எடுத்தாள். பிறகு கார் தேட ஆரம்பித்தாள். அதற்கு ஒரு வருடம் போயிற்று. வயது ஏற ஏற விலையும் ஏறுகிற பொருள் இந்த நாட்டில் கார் ஒன்றுதான். பத்து வருடம் ஓடித் தேய்ந்த வண்டிக்கு, புதிதாக வந்தபோது இருந்ததைவிட இரண்டு மடங்கு கேட்டார்கள். இதற்கிடையில் கஜேந்திரன் கொழும்பிலிருந்து போனில் யோசனை சொல்லிக்கொண்டிருந்தான்.

"டிக்கி நீட்டா இருக்கிற காரா எடு ஜீவா. பின்னாடி வெட்டி எடுத்த மாதிரி இருந்தா ஒரு மதிப்பே இருக்காது."

"மதிப்பு எனக்கு வேணாங்க. மேடு ஏறினா போதும்."

மேடு ஏறக்கூடிய ஒன்றைத் தலவாக்கலையில் உதிரிப்பாகக் கடை வைத்திருந்த ராசிக் நானாதான் பிடித்துக் கொடுத்தார். சின்னக் கார். நிறம் சாம்பலா நீலமா என்று அதன் பதிவுப் புத்தகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

"டீச்சர், நம்பி எடுங்க. டொக்டர் நோனா ஒருத்தர்ட கார். மார்க்கெட்டுக்கு மட்டும்தான் போயீக்குது" என்றார் ராசிக் நானா. "இந்த முன் சீட்டுக் கதவுக் கண்ணாடி மட்டும் பாதிக்கு மேல ஏறாது. பார்ட் வந்ததும் நானே போட்டுத் தாறேன்."

அந்தப் பார்ட் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

அடுத்தது கார்க் கடனுக்கு லீசிங். கம்பெனிக்காரர் ஒருவர் வீடு பார்க்க வந்தார். சப்பாத்துச் சேற்றை வாசற்படியில் வழித்துவிட்டு, வீட்டு உறுதிப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டார். லயத்துக்கு ஏது உறுதி? வீடு தோட்டத்துக்குச் சொந்தம். கரண்ட் பில்லாவது உங்கள் பெயரில் இருக்கிறதா என்றார். அது கஜேந்திரனின் செத்துப்போன தாத்தா பெயரில் இருந்தது. கடிதம் போட்டால் உங்களுக்கு வந்து சேருமா என்றார். தோட்டத்து ஆபீசுக்கு வரும், அங்கிருந்து எப்போதாவது வரும் என்று ஜீவராணி உண்மையைச் சொன்னாள். பதினேழு வருடம் அரசாங்கச் சம்பளம் வாங்குகிற ஒருத்தி, தான் இந்த உலகத்தில் ஓர் இடத்தில் குடியிருக்கிறாள் என்பதை நிரூபிக்க முடியாமல் அன்று நின்றாள். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

சண்முகவடிவு பிளேன்டீயை நீட்டிக்கொண்டே சொன்னாள், "ஓடிப் போறதுன்னா எங்க மாமனார் காலத்துலயே ஓடிப் போயிருப்போம் தம்பி. இன்னைக்கு ஒங்க காருக்காகவா ஓடப் போறோம்?"

அவருக்கு அது போதவில்லை. அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் பிணைக் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஜீவராணி இரண்டு நாள் யோசித்துவிட்டு அதிபரிடம் போய் நின்றாள். யோகேஸ்வரன் ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

"இனியாவது கோட்டுக்கு மேல வருவீங்கல்ல டீச்சர்?" என்று சிரித்தார். சத்தியம் செய்யாத குறையாகத் தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

கார் வந்தது. லயத்தில் நிறுத்த இடமில்லாததால், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தின் ஓரத்தில் நின்றது. தொல்லையும் அங்கேதான் தொடங்கியது. பெரட்டுக்களம் என்றால் தோட்டமே கூடுகிற இடம். முதல் திங்கட்கிழமை ஜீவராணி காரடிக்குப் போனபோது அங்கே மூன்று பேர் தலைவாரிப் பொட்டு வைத்துத் தயாராக நின்றார்கள்.

"ஒங்க மாமிதான் வரச் சொன்னாங்க" என்றார்கள்.

சண்முகவடிவு முப்பத்தெட்டு வருடம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளிடம் பிறருக்குக் கொடுக்க ஒன்று கிடைத்திருந்தது. அது மருமகளின் கார் சீட். சாயங்காலம் குழாயடிக்குப் போய் மறுநாள் சீட்டுகளைப் பங்கிட்டுவிட்டு வருவாள். கிளினிக்குக்கு அம்மாக்கண்ணு, பேங்குக்கு வேலாயி, சந்தைக்கு லீக்ஸ் மரக்கறி மூட்டையோடு பொன்னையா. அம்மாக்கண்ணுவுக்கு எப்போதும் முன் சீட்தான், பின்னால் உட்கார்ந்தால் வாந்தி வரும். வேலாயி பாதி வழியில் அடையாள அட்டையை மறந்து வந்தது ஞாபகம் வந்து திரும்பச் சொல்வாள். பொன்னையாவின் மூட்டையை டவுனில் இறக்குவதற்குள் பின்னால் நிற்கிற பஸ்காரன் ஹோர்ன் அடித்து ஊரைக் கூட்டிவிடுவான். காரின் அடிப்பாகம் தோட்டத்து ரோட்டுக் கல்லில் உரசும்போதெல்லாம் ஜீவராணி பழுதுபார்க்கும் செலவை மனதுக்குள் கூட்டிப் பார்ப்பாள். பின் சீட்டில் இருப்பவர்கள், "பாத்து டீச்சரம்மா" என்பார்கள், என்னவோ அவள் வேண்டுமென்றே கல்லில் ஏற்றியதுபோல.

பஸ்ஸில் போன காலத்தில் மூன்று மாதப் பள்ளித் தவணை ஒன்றுக்கு நாலு சிவப்புக் கோடு விழும். கார் வாங்கிய முதல் தவணையில் ஏழு விழுந்தது. கணக்கு டீச்சருக்கே இந்தக் கணக்கு புரியவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் தலவாக்கலை டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிரதி அதிபர் இடம் காலியானது. அது கிடைத்தால் தினமும் இந்த ஓட்டம் இல்லை. விண்ணப்பத்தோடு அதிபரின் சிபாரிசுக் கடிதமும் போக வேண்டும். யோகேஸ்வரன் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

"கார் வாங்கினப்புறம் ஏழு கோடு. நான் என்னான்னு எழுதுறது? இந்தத் தவணை முடியிற வரைக்கும் ஒரு கோடும் விழாம வாங்க டீச்சர். கடைசி நாள் பாத்து எழுதித் தாறேன். ஒண்ணு விழுந்தாலும் என்னால பொய் எழுத ஏலாது."

ஜீவராணி அரை மணி நேரம் முன்னதாகவே புறப்பட ஆரம்பித்தாள். சண்முகவடிவுக்கு அது இன்னும் வசதியாகப் போயிற்று. "இப்ப நேரத்தோட போறா" என்று சொல்லி, டவுனில் விடிகாலை வேலை இருப்பவர்களையும் சேர்த்துக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு, ஏழு இருபத்தெட்டு, ஏழு இருபத்தொன்பது என்று கோட்டுக்கு மயிரிழையில் தப்பித் தப்பித் தவணையின் கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம் வரை வந்துவிட்டாள்.

"மாமி, நாளைக்கு ஒருத்தரையும் வரச் சொல்லாதீங்க. ஒருத்தரையும்."

"ஏத்திக்கிட்டுப் போனா காரு தேஞ்சா போயிரும்?"

"தேயுது மாமி. டயர் தேயுது, கிளச் தேயுது, நானும் தேயிறேன். நாளைக்கு மட்டும் என்ன விட்டுருங்க."

சண்முகவடிவு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனால் குழாயடிக்குப் போகவில்லை.

மறுநாள் காலையில் நல்ல மழை, பனிமூட்டமும் சேர்ந்துகொண்டது. காரடியில் யாரும் இல்லை. ஜீவராணி நிம்மதியாக மூச்சு விட்டு அரை மைல்கூடப் போயிருக்க மாட்டாள், ஒரு மரக்கிளை முறிந்து ரோட்டை அடைத்துக் கிடந்தது. தனியாக இழுத்து ஒதுக்குவதற்குள் இருபத்தைந்து நிமிடம் போயிற்று. சேலைக் கரையெல்லாம் சேறு. மழையையும் திட்டினாள், மரத்தையும் திட்டினாள், அதை நட்ட வெள்ளைக்காரனையும் விடவில்லை.

அடுத்த திருப்பத்தில் அம்மாக்கண்ணு நின்றாள். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, கிளினிக் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கையைக் காட்டினாள். யாரும் சொல்லாமல் தானாகவே வந்திருந்தாள். நிறுத்தினால் ஏற வேண்டும், சாக்கை மடிக்க வேண்டும், டவுனில் ஆஸ்பத்திரி வாசலில் இறக்க வேண்டும். ஜீவராணி நிறுத்தவில்லை.

அதற்குப் பிறகு அவள் யாரையும் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தால் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். பெக்டரி வளைவில் இரண்டு மூன்று பேர் நின்றார்கள். கறுப்பு மழைக் கோட்டுப் போட்ட ஒருவர் ரோட்டுக்கே இறங்கி வந்து கையை ஆட்டினார். ஜீவராணி கண்ணை நேரே ரோட்டில் வைத்துக்கொண்டு வளைவை ஒடித்துப் போனாள். மணி அப்போது ஏழு.

ஏழு இருபத்திரண்டுக்கு அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அவள்தான் முதல் ஆள். பல மாதங்களாக வராத சந்தோஷம் ஒன்று வந்தது. ஆபீஸ் வாசலுக்குப் போனபோது கதவில் பூட்டுத் தொங்கியது.

பதிவேடு உள்ளே அலுமாரியில், சாவி அதிபரிடம். ஆசிரியர்கள் ஒவ்வொருவராக வந்து தாழ்வாரத்தில் நின்றார்கள். ஏழரை ஆனது, எட்டானது. எட்டு ஐந்துக்கு ஒரு பஸ்ஸிலிருந்து யோகேஸ்வரன் இறங்கி வந்தார். கறுப்பு மழைக் கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஜீவராணி தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள். பெக்டரி வளைவுக்குப் பக்கத்தில்தான் அவர் வீடு. தினமும் எல்லோருக்கும் முன்னதாகவே மோட்டார் சைக்கிளில் போய்விடுகிற மனிதர்.

"மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆகல" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தார். பதிவேட்டை விரித்து, ஒவ்வொருவரையும் வந்த நேரத்தைச் சொல்லிக் கையெழுத்துப் போடச் சொன்னார். ஜீவராணி பதிவேட்டைப் பார்த்தபடி சொன்னாள்.

"ஏழு இருபத்திரண்டு, சேர்."

"சரியாத்தான் இருக்கும். ஏழு மணிக்கு பெக்டரி வளைவுல என்னத் தாண்டிப் போனீங்க. கையக் காட்டினேன். ஒங்க பார்வ நேரா ரோட்டுலயே இருந்துச்சு. மழையில அப்படித்தான் ஓட்டணும்."

குத்திக் காட்டுகிறாரா, மெய்யாகவே சொல்கிறாரா என்று அவளுக்கு விளங்கவில்லை. ஏழரைக்கு முன் வந்தவர்கள் எல்லோரும் போட்டு முடிந்ததும் அவர் அடிமட்டம் வைத்துச் சிவப்புக் கோடு இழுத்தார். கோட்டுக்குக் கீழே முதல் கையெழுத்தைத் தானே போட்டு, பக்கத்தில் எட்டு ஐந்து என்று எழுதினார். பிறகு சிபாரிசுக் கடிதத்தை எழுதிக் கொடுத்தார். 'நேரம் தவறாதவர்' என்று அதில் இருந்தது. ஜீவராணி அதை மடித்துக் கைப்பையில் வைத்தாள். இத்தனை நாள் அலைந்து வாங்கிய கடிதம், திரும்ப எடுத்துப் படிக்க மனம் வரவில்லை. பதினொரு வருடம் அவளை நனைய விட்டுப் போனவர்களையெல்லாம் எப்படித் திட்டினாளோ, அத்தனையும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

பள்ளிக்கூடம் விட்டதும் அவளே போய்க் கேட்டாள். "சேர், வளைவு வரைக்கும் என் கார்ல வாங்க."

அவர் மறுக்காமல் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். டவுன் பஸ் தரிப்பிடத்தில் அம்மாக்கண்ணு கிளினிக் பையோடு நின்றாள். அவள் கையைக் காட்டுவதற்கு முன்பே ஜீவராணி காரை ஓரங்கட்டினாள். அம்மாக்கண்ணு பழக்க தோஷத்தில் முன் கதவைத் திறந்தாள். உள்ளே இருப்பவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சேர், நீங்க பின்னால போய் ஒக்காருங்க. எனக்குப் பின்னால ஆகாது, வாந்தி வரும்."

ஜீவராணிக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. யோகேஸ்வரன் இறங்கிப் பின்னால் போய், பொன்னையாவின் மூட்டை விட்டுப்போன லீக்ஸ் வாடைக்கு நடுவே உட்கார்ந்துகொண்டார்.

கார் நகர்ந்ததும் அம்மாக்கண்ணு சொன்னாள், "காலையில கையக் காட்டினேன் டீச்சரம்மா. மழையில நீங்க பாக்கல போல."

"ஆமா, டீச்சர் பாக்கல" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

இந்தத் தடவை ஜீவராணியால் சும்மா இருக்க முடியவில்லை.

"பாத்தேன்க்கா. பாத்துட்டுத்தான் போனேன்."

அம்மாக்கண்ணு மடியில் இருந்த பையை ஒரு தரம் சரிசெய்துகொண்டாள்.

"சரி, அது போகட்டும். இந்தக் கண்ணாடிய ஏத்துங்க, சாரல் அடிக்குது" என்று சொல்லி, பாதிக்கு மேல் ஏறாத கண்ணாடியின் பிடியை அவளே சுற்ற ஆரம்பித்தாள்.