கல்யாண வீட்டு இழுப்பு

1. பாதியில் நின்ற நாகஸ்வரம்

ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஆரியசாலைக் கடைத்தெருவில் கிளினிக் போட்டேன். அந்த வட்டாரத்தில் பெண் டாக்டர் நான் ஒருத்திதான். கல்யாணத்துக்குப் போனாலும் மருந்துப்பை கூடவே வரும்.

அன்று ஒரு பலசரக்கு வியாபாரி வீட்டுக் கல்யாணம். தாலி கட்டும் நேரத்தில் தவில் முழங்குகிறது, நாகஸ்வரத்தைக் காணோம். வித்வான் ஆறுமுகம் நெஞ்சைப் பிடித்தபடி குனிந்திருந்தார். மூச்சு விடும்போது விசிலடித்தது. ஆஸ்துமா. அட்ரினலின் ஊசி போட்டேன். சற்று நேரத்தில் முகம் தெளிந்தது.

“டாக்டரம்மா, வீட்டுல எவ்வளவு நேரம் வாசிச்சாலும் ஒண்ணும் செய்யாது. கல்யாண வீட்டுலதான் இழுப்பு வருகு. யாரு கண்ணு பட்டுதோ! பேசாம நாகர்கோவில்ல சாயாக்கடை போடலாம்னு இருக்கேன்.”

“போடும். அந்தச் சாயாவ யாரு குடிக்கது?” என்றார் தவில்காரர்.

ஆறுமுகம் சிரிக்கவில்லை. அவருக்கு வேறு தொழில் தெரியாது.

2. தோளில் படிந்த பொடி

கல்யாண வீட்டில் மட்டும் என்றால், அங்கே மட்டும் இருக்கும் எதுவோ ஒன்று. சுற்றிப் பார்த்தேன். அவரை ஒட்டியே நிறபறை: பறை என்ற மர அளவைப் படியில் குவித்த நெல்லில் செருகிய, புதிதாக விரிந்த தென்னம் பூக்குலை. அதன் பின்னால் மின்விசிறி. ஆறுமுகத்தின் ஜிப்பாத் தோளில் வெளிர்மஞ்சள் பொடி. மகரந்தம்! அடிவயிறு வரை மூச்சிழுத்து ஊதுகிறவர் எவ்வளவு உள்ளே வாங்கியிருப்பார்!

மறுவாரம் கிளினிக்கில் அவர் கையில் லேசாக இரண்டு கீறல் போட்டேன். ஒன்றில் வெறும் உப்புத் தண்ணீர், மற்றதில் மகரந்தம். மகரந்தம் பட்ட இடம் மட்டும் கொசு கடித்ததுபோலத் தடித்து அரித்தது.

“அப்போ கண்ணு இல்லியா?”

“பூ.”

“பூவா! வீட்டுக்காரி பூசணிக்கா உடைச்சதெல்லாம் வெறுதேயா!”

3. பெண்ணின் அம்மா

அடுத்த கல்யாணத்துக்கு அவருடன் நானும் போனேன். பூக்குலையை எடுக்க முடியுமா என்று பெண்ணின் அம்மாவிடம் கேட்டேன்.

“பூக்குலை இல்லாம எப்பிடி டாக்டரே? ஐஸ்வர்யமாக்கும் அது!” என்று கொதித்தவர், ஆறுமுகத்தின் முகத்தைப் பார்த்ததும் தணிந்தார். “பூ அங்க இருக்கட்டு. மேளத்த வாசல் பக்கம் மாத்தினா போராதா?”

எனக்கு அது தோன்றவே இல்லை. வாசலில் நல்ல காற்று. முன்னெச்சரிக்கையாக எபிட்ரின் மாத்திரை கொடுத்திருந்தேன். கெட்டிமேளத்தில் நாகஸ்வரம் தெருமுனை வரை கேட்டது. தாலி ஏறிய பிறகும் ஆறுமுகம் நிறுத்தவில்லை, ராகத்துக்குமேல் ராகம்.

பெண்ணின் அம்மா என்னிடம் ஓடிவந்தார். “டாக்டரே, நிறுத்தச் சொல்லுங்கோ. சோறு ஆறிப்போகு!”

இளம் டாக்டர்களுக்கு ஒன்று சொல்வேன். மூச்சுத் திணறலைத் தணித்துவிட்டு, எங்கே உட்கார்ந்திருந்தீர்கள், பக்கத்தில் என்ன இருந்தது என்று கேளுங்கள். அடுத்த திணறலை அந்தக் கேள்விதான் தடுக்கும்.